கர்ப்பகால நீரிழிவும் தாயின் குறிப்புக் கொப்பியும்



"எனக்குச் சீனி வருத்தம் இருக்கவில்லையே, பிள்ளை தங்கிய பிறகுதானே காட்டுகிறது?" என்று எமது கர்ப்பிணித் தாய்மார் பலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை கிடைக்காததால் சிலர் தம்மையே நொந்து கொள்கின்றனர். வேறு சிலரோ, பிறந்ததும் போய்விடுகின்ற ஒன்றுதானே என்று அலட்சியமாக இருந்து விடுகின்றனர்.

கருவிலுள்ள சிசுவுக்கு உணவு செல்லும் வழியான சூல்வித்தகம் சில ஓமோன்களைச் சுரக்கின்றது. பிள்ளைக்குப் போதிய குளுக்கோஸ் கிடைக்கும் பொருட்டு, அவை தாயின் இன்சுலினுடைய வேலையைத் தடுக்கின்றன. எல்லாத் தாய்மாரிடமும் இது நிகழ்கின்றது. பெரும்பாலானோரின் சதையி மேலதிக இன்சுலினைச் சுரந்து இதனை ஈடுசெய்து விடும். ஈடுசெய்ய முடியாதவர்களுக்கே இரத்தத்தில் சீனி ஏறுகின்றது. ஆகவே இது இனிப்புத் தின்றதற்குக் கிடைத்த தண்டனையன்று. உடற்பருமனும் பரம்பரையும் இதற்கு வழிகோலலாம். எனினும் மெலிந்த பெண்களுக்கும் இது வருவதுண்டு.

இந்தத் தடை ஐந்து மாதங்களின் பின்னரே வலுவடைகின்றது. அதனாலேயே 24 முதல் 28 வாரங்களுக்கிடையில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகச் செய்து இரத்தத்தைப் பரிசோதிக்கின்றனர். வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 92 மில்லிகிராம், ஒரு மணித்தியாலத்தின் பின் 180, இரண்டு மணித்தியாலங்களின் பின் 153 ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலும் அது நோயே என 2013 இல் உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்தது.

தாயின் சீனி சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளையைச் சென்றடையும். அவளது இன்சுலின் சென்றடையாது. வந்து குவியும் சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் சிறு சதையி தானே இன்சுலினைச் சுரக்கின்றது. இதனால் பிள்ளை அளவுக்கு மீறிப் பருக்கின்றது. பிரசவத்தில் தோள் சிக்கிக் கொள்ளலாம். தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் சீனியின் வரவு நின்று விடும், பிள்ளையின் இன்சுலின் நில்லாது. எனவே பிறந்த சில மணித்தியாலங்களுக்குள் குழந்தையின் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். இவ்வளவும் நிகழும்போது தாய்க்குப் பெரும்பாலும் எந்த நோவும் தெரிவதில்லை. அவளுக்குச் செய்தி சொல்வது விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தமே.

வழமையாக வெறும் வயிற்றில் 95 இற்கும், உணவருந்தி ஒரு மணித்தியாலத்தில் 140 இற்கும், இரண்டு மணித்தியாலங்களில் 120 இற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பர். உங்களுக்குரிய எல்லையை வைத்தியர் கூறுவார். அதனை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, பார்க்கும் அளவையும் உண்ட உணவையும் நாளாந்தம் குறித்து வாருங்கள். சிலர் கிளினிக்குக்குச் செல்லும் முந்திய நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல இலக்கத்தைக் காட்டுகின்றனர். வேறு சிலர் ஏசுவார்களே என்றஞ்சி எண்ணைக் குறைத்து எழுதுகின்றனர். மருந்தின் அளவு அந்த எண்ணை நம்பியே தீர்மானிக்கப்படுகின்றது. பொய்யான எண் ஏமாற்றுவது மருத்துவமாதுவை அல்ல, வயிற்றிலுள்ள அமானிதத்தையே.

தேநீரில் சீனியை நிறுத்திவிட்டோம் என்று ஆறுதல் அடைவோர், பீங்கானில் குவியும் சோற்றை மறந்து விடுகின்றனர். சோறும், ரொட்டியும், இடியப்பமும் சீனியாகவே மாறுகின்றன, கருப்பட்டியும் அவ்வாறே. சோற்றைக் குறைத்து மரக்கறி, கீரை, பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டுங்கள். மூன்று பெரிய வேளைகளைச் சிறு வேளைகளாகப் பிரித்துக் கொள்ளுங்கள். வைத்தியர் தடுக்காவிடின், உண்ட பின் சற்று நேரம் நடப்பதும் பயன் தரும். மாமிமாரே, இருவருக்காகச் சாப்பிடு என்று மருமகளை வற்புறுத்தாதீர்கள்.

உணவால் அடங்காதபோது இன்சுலின் தேவைப்படலாம். அது பன்றியிலிருந்து எடுக்கப்படுவதல்லவா என்று தயங்குவோர் இன்றும் உள்ளனர். முற்காலத்தில் மாட்டினதும் பன்றியினதும் சதையியிலிருந்து எடுத்தது உண்மையே. ஆனால் 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மனித இன்சுலின் புழக்கத்துக்கு வந்து, இன்று பெரும்பாலும் அதுவே வழங்கப்படுகின்றது.

ரமழான் வந்தால் இப்பெண்களின் மனம் படும் பாடு தனியானது. வீட்டில் அனைவரும் ஸஹருக்கு எழும்போது தான் மட்டும் நோன்பின்றி இருப்பதா என்ற கூச்சம்! நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆன் (2:184, 185) அளித்துள்ளது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரிய சலுகை ஹதீஸிலும் வந்துள்ளது. கர்ப்பிணியின் உடல் நீண்ட பட்டினியில் மற்றவர்களை விட விரைவாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் 2016 ஆம் ஆண்டு ரமழான் வழிகாட்டி, இன்சுலின் ஏற்றும் கர்ப்பிணியை மிகக் கூடிய ஆபத்துள்ளோர் வரிசையிலும், உணவால் மட்டும் கட்டுப்படுத்துபவரை அதற்கடுத்த வரிசையிலும் வைத்தது. இரு சாராருக்கும் அது நோன்பைப் பரிந்துரைக்கவில்லை. எனவே ரமழானுக்கு முன்பே வைத்தியரிடமும் ஆலிம் ஒருவரிடமும் பேசி முடிவு செய்யுங்கள். எவ்வாறாயினும், நோன்பு நோற்ற நிலையில் பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. அளவு 70 இற்குக் கீழே இறங்கினால், மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருப்பினும் நோன்பை விட்டுவிட வேண்டும்.

குழந்தை பிறந்ததும் தாமதியாது தாய்ப்பால் ஊட்டுங்கள். குழந்தையின் சீனி இறங்காதிருக்க அது உதவும். தாயின் சீனி பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடும். ஆயினும் இந்நோய் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரை விட ஏழு மடங்கு அதிகம் என 2009 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. எனவே பிரசவித்து ஆறு வாரங்களுக்கும் பன்னிரண்டு வாரங்களுக்கும் இடையில் மீண்டும் அக்குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்து கொள்ளுங்கள். நாற்பது முடிந்து வெளியே வரும் காலமும் ஏறக்குறைய அதுவே. பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டு செல்லும்போது உங்கள் கொப்பியையும் எடுத்துச் சென்று, பரிசோதனைக்குரிய திகதியைக் கேட்டு வாருங்கள்.