கல்லூரி மாணவர்களும் மன இறுக்கமும்

நம் நாட்டில் உயர்கல்வி பெருமளவு விரிவடைந்துள்ளது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, உயர்கல்வி பயில்வோரின் தொகை ஏறத்தாழ 4.33 கோடியாகும். இவர்களுள் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் காலடி வைத்தவர்கள். பெற்றோரின் எதிர்பார்ப்பு, கல்விக் கடன், பழக்கமில்லாத பயிற்றுமொழி, விடுதித் தனிமை ஆகியன ஒருங்கே சேரும்போது இளம் உள்ளம் தளர்வடைகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளி மாணவர்களும் இக்கணக்கில் அடங்குவர். ஆகவே, மன இறுக்கத்தைத் தனிமனிதப் பலவீனமாகக் கருதி ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இறுக்கத்தின் இயல்பு

மன இறுக்கம் முற்றிலும் தீயதன்று. நெருக்கடி தோன்றும்போது உடலில் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புநீர்கள் மிகுகின்றன, இதயத் துடிப்பு விரைவாகிறது, கவனம் கூர்மையடைகிறது. தேர்வுக்கு முந்தைய சிறு பதற்றம் இவ்வகையில் பயன் தருவதே. ஆனால், அந்நிலை வாரக்கணக்கில் நீடிப்பின் உறக்கம் கெடுகிறது; நினைவாற்றல் குன்றுகிறது; படித்தது மனத்தில் தங்குவதில்லை. அதனால் அச்சம் மேலும் வளர்கிறது. இச்சுழற்சியை முறிப்பதே நோக்கமாக இருத்தல் வேண்டும்.

எளிய வழிகள்

முதலாவது, உறக்கம். பதினெட்டு வயதைக் கடந்தோர்க்கு நாள்தோறும் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை. பகலில் கற்றவை மனத்தில் நிலைபெற உறக்கம் துணைபுரிகிறது. எனவே, தேர்வுக்கு முன் இரவு முழுவதும் விழித்திருப்பது ஆதாயம்போல் தோன்றும் இழப்பேயாகும். படுக்கைக்குச் செல்லுமுன் கைப்பேசியை எட்ட வைத்துவிடுவது நன்று.

இரண்டாவது, காலத் திட்டம். ஒரு வாரத்தில் இருப்பவை 168 மணிகளே. வரவறிந்து செலவிடும் குடும்பத்தைப் போல், மாணவரும் இதனைப் பகுத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தை ஒரே அமர்வில் பத்து மணி நேரம் படிப்பதைவிட, பல நாள்களுக்குப் பிரித்துப் படிப்பது நினைவில் நன்கு நிற்கும். திட்டத்தில் ஓய்வுக்கும் இடம் இருக்கவேண்டும்.

மூன்றாவது, உடற்பயிற்சி. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு அரைமணி நேர விரைவு நடையை வாரத்தில் ஐந்து நாள் மேற்கொண்டாலே இது நிறைவேறிவிடும். இதற்குச் செலவேதுமில்லை. பதற்றம் மிகும் வேளையில், மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுவது உடனடி அமைதி தரும்.

நான்காவது, மனம்விட்டுப் பேசுதல். நண்பரிடமோ ஆசிரியரிடமோ கூறப்பட்ட கவலை பாதியாகக் குறையும். துயரமும் நாட்டமின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலோ, மருத்துவ உதவியை நாடுவதில் தயக்கம் கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கிறது.

நிறுவனங்களின் கடமை

மாணவருக்கு அறிவுரை வழங்குவதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. உதவித்தொகை தாமதமாகும்போது விடுதிக் கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் ஆறுதல் அளிக்காது. உதவித்தொகையை உரிய காலத்தில் வழங்குதல், ஒரே வாரத்தில் பல தேர்வுகளைக் குவிக்காதிருத்தல், மதிப்பெண்களைக் கூறி மாணவரைப் பலர் முன் சிறுமைப்படுத்தாதிருத்தல் ஆகியவை நிருவாகத்தின் கையில் உள்ளவை. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பில் பணித்துள்ளது. அப்பணியிடம் ஏட்டளவில் நின்றுவிடாமல், மாணவர் அச்சமின்றி அணுகும் இடமாக அமைவது இன்றியமையாதது.

கல்விக்காக நாடு செய்யும் முதலீட்டின் பயன் கட்டடங்களில் இல்லை; அங்கிருந்து நலமுடன் வெளிவரும் இளைஞர்களிடமே உள்ளது. அவர்களின் மனநலம் பேணுவது கல்விப் பணியின் ஒரு பகுதியே என்பதை மாணவரும் அலுவலரும் உணர்ந்து செயற்படுதல் வேண்டும்.