இருபத்தெட்டு (சீட்டாட்டம்)

இருபத்தெட்டு என்பது நால்வர் இரண்டு அணிகளாக ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே அமர்பவர்கள் கூட்டாளிகள். போடிநாயக்கனூருக்கு மேற்கே, போடிமெட்டைக் கடந்தால் வரும் கேரளத்தில் இது பரவலாக ஆடப்படுகிறது.

ஏழு முதல் ஏஸ் வரையிலான 32 சீட்டுகள் போதும். ராஜாவையும் ராணியையும் விட ஜாக் பெரியது. அதற்கு 3 புள்ளி. ஒன்பதுக்கு 2, ஏசுக்கும் பத்துக்கும் தலா 1. நான்கு சின்னங்களுக்கும் சேர்த்து 28. பெயர் வந்தது இதனால்தான்.

ஆட்டத்தின் உயிர் ஏலத்தில் இருக்கிறது. முதல் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்து, தம் அணி எடுக்கப்போகும் புள்ளியை 14இலிருந்து மேலே கேட்க வேண்டும். போடி ஏல மையத்தில் ஏலக்காய் வாங்குபவருக்குக்கூட முதலில் மாதிரி காட்டப்படும். இங்கோ பாதிக் கை வருமுன்பே விலை சொல்லியாக வேண்டும்! அதிகம் கேட்டவர் துருப்பைத் தேர்ந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். மீதி நான்கு அதன் பிறகே வரும். இறங்கிய சின்னம் கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டச் சொல்லலாம். அதுவரை அந்தச் சின்னத்துக்குத் துருப்பின் வலிமை கிடையாது. கேட்ட புள்ளி சேராவிட்டால் கேட்ட அணிக்கே தோல்வி.

இலங்கைத் தமிழர் ஆடும் 304 இதற்கு நெருங்கிய உறவு. அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20. கடற்கொள்ளையர் படங்களோடு 2013இல் வெளிவந்த ஸ்கல் கிங் ஆட்டத்திலும் முன்கூட்டியே கேட்பது உண்டு. ஆனால் அதில் சொன்ன எண்ணிக்கையை விடக் கூடுதலாகப் பிடித்தாலும் புள்ளி போகும்.