அணி மாறும் மாணவ வீரர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தைக் கவனிக்கும் நேயர்கள், ஓராண்டு கண்ட அணியை மறு ஆண்டு அடையாளங் காணமுடியாது திகைப்பதுண்டு. இதன் காரணம் யாது?

முன்னர், கல்லூரி மாறிய வீரன் பொதுவாக ஓராண்டு ஆட்டமின்றிக் காத்திருத்தல் வேண்டும். 2018இல் இடமாற்றம் விரும்புவோர்க்கான பெயர்ப்பதிவு தொடங்கிற்று. பதிந்தவரைப் பிற கல்லூரிப் பயிற்றுநர் அணுகலாம். 2021இல், முதன்முறை மாறுவோர்க்குக் காத்திருப்பு நீங்கியது. 2024இல், கல்வித் தகுதி குன்றாதவர் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று.

இதனால், நால்வர் விலகினால் பயிற்றுநர் இளையோரைப் பயிற்றிக் காத்திருப்பதில்லை. வேறிடத்திற் பழகிய மூத்தவரைக் கொண்டு நிரப்புகிறார். பள்ளி முடித்து வருபவனுக்குரிய இடம் அவ்வளவிற் சுருங்குகிறது.

2025இல் ஹூஸ்டனை 65–63 என வென்று வாகை சூடிய புளோரிடா பல்கலைக்கழக அணியை நோக்குங்கள். இறுதியாட்டத்தைத் தொடங்கிய ஐவருள் நால்வர் பிற கல்லூரிகளிலிருந்து வந்தோர். அவருள் வால்டர் கிளேட்டன், அயோனா என்னும் சிறிய பல்கலைக்கழகத்தில் ஈராண்டு ஆடித் தேர்ந்தவர்.

பெரிய அணிக்கு இது பேறு. சிறிய கல்லூரிக்கோ, தான் நீர்வார்த்த கன்று அயல்வளவிற் காய்ப்பது போன்றது. எனினும், ஆட வாய்ப்பின்றி ஒதுங்கியிருந்த மாணவனுக்கு வழி திறந்ததும் இவ்விதியே. அவனைத் தடுத்தல் நியாயமன்று.

ஆனால் ஒன்று. ஒரு கல்லூரியிற் கற்றுத் தேறிய பாடங்கள் யாவற்றையும் மற்றொன்று ஏற்குமென்பது நிச்சயமன்று. ஆண்டுதோறும் அணி மாறுபவன் பட்டத்தை எங்கே பெறுவான்? வெற்றிகளை எண்ணுவோர் இதனையும் எண்ணுதல் வேண்டும்.