தேவை உண்மை, பங்கு விலை?

செயற்கை நுண்ணறிவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது என்விடியாவின் சில்லுகள். ஆனால் அந்தச் சில்லுகளை இணைக்கும் ஒளிக்கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மீதும் இப்போது முதலீட்டாளர்களின் பார்வை விழுந்துள்ளது.

தரவு நிலையத்தில் ஆயிரக்கணக்கான சில்லுகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்கின்றன. அவற்றுக்கிடையே தரவு ஓயாமல் ஓட வேண்டும். வேகம் கூடும்போது செம்புக் கம்பி சில மீட்டர் தூரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் ஒளியிழைதான் வழி. மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றி அனுப்பி, வரும் ஒளியை மீண்டும் மின் சமிக்ஞையாக்கும் சிறு கருவி இரு முனையிலும் இருக்கும். விநாடிக்கு 800 கிகாபிட் அனுப்பும் கருவிகள் இன்று புழக்கத்தில் உள்ளன.

கொஹீரண்ட், லுமெண்டம் ஆகியவை இத்துறையின் முன்னணி அமெரிக்க நிறுவனங்கள். கொஹீரண்டுக்கு ஈப்போவிலும் தொழிற்சாலை உண்டு. ஒளியிழைக்குப் பெயர்பெற்றது கார்னிங்.

தேவை உண்மைதான். அதற்காக உடனே பங்கு வாங்கிவிடலாமா?

முன்பு நடந்தது

இணையம் வேகமாக வளர்ந்த 1990களின் இறுதியிலும் இதே துறைதான் முதலீட்டாளர்களை ஈர்த்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கி ஒளியிழைகளைப் புதைத்தன. 2000ல் கார்னிங் பங்கு 100 டாலரைத் தாண்டியது. செலவு நின்றதும் 2002ல் ஏறக்குறைய 1 டாலருக்குச் சரிந்தது. ஒளிக்கருவி நிறுவனமான ஜேடிஎஸ் யூனிஃபேஸ் 2001 நிதியாண்டில் 50 பில்லியன் டாலருக்கும் மேல் நட்டம் காட்டியது. 2015ல் அதிலிருந்து பிரிந்ததுதான் இன்றைய லுமெண்டம்.

இத்தனைக்கும் இணையம் தொடர்ந்து வளரவே செய்தது. ஆனால் கார்னிங் பங்கை உச்ச விலையில் வாங்கியவருக்கு 20 ஆண்டுகள் கழித்தும் போட்ட பணம் திரும்பவில்லை.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வாங்குபவர் யார்? மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகல், மெட்டா போன்ற சில நிறுவனங்களே பெரிய தரவு நிலையங்களைக் கட்டுகின்றன. அவற்றில் ஒன்று செலவைக் குறைத்தாலும் விநியோகிப்பாளரின் வருமானம் ஆட்டங்காணும்.

தொழில்நுட்பம் மாறுமா? தனியாகச் செருகும் கருவிக்குப் பதிலாக ஒளிப் பகுதியைச் சில்லின் அருகிலேயே பொருத்தும் சுவிட்சுகளை 2025 மார்ச்சில் என்விடியா அறிவித்தது. இம்மாற்றம் சில நிறுவனங்களுக்கு வாய்ப்பு, சிலவற்றுக்கு இழப்பு.

எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டதா? ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை கொடுக்கிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இவற்றுக்கான விடைகளைத் தேட, நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைப் புரட்டாமல், படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் கைவைக்காதீர்கள். புரட்டிய பிறகும் அந்தப் பணம் படிப்புக்கே இருக்கட்டும்.