கானுயிர் வணிகமும் தரவாய்வுப் பணியும்

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களுக்குப் புலிப்பொறி இட்டுச் சுங்க அலுவலர் காத்து நின்ற செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முசிறித் துறைமுகத்திலிருந்து சென்ற கப்பல் ஒன்றின் சரக்குகளைக் குறிக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு இன்று வியன்னா நகரில் உள்ளது. யானைத் தந்தத்தின் எடையும் மதிப்பும் அதில் எழுதப்பெற்றுள்ளன. வணிகம் நிகழும் இடமெல்லாம் கணக்கும் உண்டு என்பதற்கு இவை சான்றுகள். அன்று அக்கணக்கு அரசின் வருவாய்க்கும் வணிகரின் ஊதியத்திற்கும் உரியதாக இருந்தது. இன்று அதே வகைக் கணக்கு உயிரினங்களைக் காக்கும் கருவியாக மாறியுள்ளது.

“காட்டு விலங்கைக் காக்கக் காவலர் போதாதா, ஐயா? கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவர் என்ன செய்ய முடியும்?” என்று மாணவர் ஒருவர் நம்மை வகுப்பில் வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

உடன்பாடும் பதிவேடும்

அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் ‘சைட்டிஸ்’ உடன்பாடு 1973-இல் வாசிங்டன் நகரில் கையெழுத்தாகி, 1975-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976-இல் இணைந்தது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். இவ்வுடன்பாட்டில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற்பட்டியலில் உள்ளவற்றின் பன்னாட்டு வாணிகம் பொதுவாகத் தடுக்கப்பட்டது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை உரிமச் சீட்டின் பேரில் விற்கலாம். மூன்றாவது, ஒரு நாடு தன் எல்லைக்குள் காக்கும் உயிரினத்திற்குப் பிற நாடுகளின் துணையை வேண்டிச் சேர்ப்பது.

ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் தன் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை அளித்தல் வேண்டும். அக்கணக்குகள் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் உள்ள ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பைச் சார்ந்த மையத்தில் தொகுக்கப்படுகின்றன. கள்ளக் கடத்தலோ உரிமச் சீட்டில் வராது. அதனைப் பறிமுதல் செய்திகளிலிருந்தே அறிதல் வேண்டும். 1976-இல் தோன்றிய ‘டிராஃபிக்’ போன்ற அமைப்புகள் இதில் ஈடுபட்டுள்ளன. எந்த நாளில், எத்துறையில், எவ்வுயிர், எவ்வளவு, எங்கிருந்து எங்கு, எதனுள் மறைத்து என்னும் வினாக்களுக்கு விடை கண்டு பதிவு செய்வதே தரவாய்வாளரின் முதற்பணி.

எடையும் உயிரும்

எடையை உயிராக மாற்றுவது எளிதன்று. 2019 ஏப்பிரலில் சிங்கப்பூரில் இரு பெட்டகங்கள் பிடிபட்டன. நைசீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்றவை அவை. ஒன்றில் உறைந்த மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தது, உள்ளே 12.9 டன் அழுங்குச் செதில். மற்றொன்றில் 12.7 டன். முன்னதற்கு ஏறத்தாழ 17,000 அழுங்குகளும் பின்னதற்கு 21,000 அழுங்குகளும் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என மதிப்பிட்டனர். அதே ஆண்டு சூலையில், மரம் என்று எழுதப்பட்ட பெட்டகங்களிலிருந்து 11.9 டன் செதில் பிடிபட்டது. அதற்கோ ஏறத்தாழ 2,000 அழுங்குகள் என்றே கணக்கிட்டனர்.

எடை ஏறத்தாழ ஒன்றாயிருக்க, எண்ணிக்கை பத்து மடங்கு வேறுபடுவது ஏன்? சூலையில் பிடிபட்டவை பேரழுங்கின் செதில்கள். ஒரு பேரழுங்கு ஏறத்தாழ 6 கிலோ செதில் தரும் என்று இக்கணக்கால் அறிகின்றோம். ஏப்பிரலில் பிடிபட்டவற்றுள் சிறிய இனங்களும் இருந்தன. அங்குச் சராசரி ஒரு கிலோவுக்கும் குறைவு. இனத்தை அறியாது எடையை மட்டும் எழுதுபவர், ஒரு காட்டில் ஆயிரக்கணக்கான உயிர்கள் மறைந்ததை எழுதாமல் விட்டவராவார்.

பிடிபட்டதும் பிடிபடாததும்

ஒரு நாட்டில் மிகுதியான பறிமுதல் நிகழ்ந்தால் அங்குக் கடத்தல் மிகுதி என்று கொள்ளலாமா? அந்நாட்டுக் காவல் விழிப்பாயிருப்பதும் காரணமாகலாம். பறிமுதலே இல்லாத துறைமுகம் தூய்மையானது என்று கொள்வதும் பிழை. அங்கே எவரும் பெட்டகத்தைத் திறந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். எனவே பிடிக்கும் திறனையும் பிடித்ததைத் தெரிவிக்கும் பழக்கத்தையும் தனித்தனியே மதிப்பிட்டு, அவற்றால் எண்களைச் சீர்செய்தல் வேண்டும். 1997-இல் அராரே மாநாட்டின் தீர்மானப்படி தொடங்கிய யானைத் தந்தத் தகவல் முறைக்கு, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் புள்ளியியலார் இத்தகைய கணித முறையை வகுத்தளித்தனர்.

உரிமச் சீட்டும் பொய்யுரைக்கும். இந்தோனேசியாவிலிருந்து ‘பண்ணையில் பிறந்தவை’ என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளுள் 80 விழுக்காடேனும் காட்டில் பிடிக்கப்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு பண்ணை எத்தனை குட்டிகளைத் தர இயலும், எத்தனை விற்றதாகச் சொல்கின்றது என்னும் எளிய வகுத்தற் கணக்கும் பல வேளைகளில் உண்மையை வெளிக்கொணரும்.

நம் கடற்கரையில்

இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடல் அட்டை பிடித்து, அவித்து, உலர்த்தி, கீழை நாடுகளுக்கு அனுப்பும் தொழில் நெடுங்காலம் நடைபெற்றது. 1982-இல் 75 மில்லிமீட்டருக்குக் குறைவான அட்டைகளை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. 2001-இல் எல்லாக் கடல் அட்டைகளும் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இலங்கையிலோ உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். ஆகவே இக்கரையில் பிடித்த அட்டை அக்கரை சேர்ந்தால், அதன் பிறப்பிடம் ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

முன்னர் அட்டை வணிகம் செய்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். “நாள்தோறும் எத்தனை அட்டை, என்ன அளவு என்று பேரேட்டில் எழுதி வைத்தேன், தம்பி. தடை போட்ட போது அதை எவரும் வந்து கேட்கவில்லை” என்றார் அவர். மூழ்கி அட்டை எடுத்த குடும்பங்கள் பல உலை வைக்க வழியின்றித் தவித்ததையும் கூறினார். பிறகு அப்பேரேட்டைத் தாமே விரித்தார். ஆண்டு செல்லச் செல்ல அட்டையின் அளவு சிறுத்து வந்ததைத் தம் விரலாலேயே சுட்டிக் காட்டினார். தம் வாதத்திற்கு மாறானதையும் மறையாது காட்டிய அம்மனத்தையே தரவாய்வாளரின் முதல் தகுதியாக நாம் கருதுகின்றோம்.

தமிழ் மாணவருக்கும் இடமுண்டு

இப்பணிக்குப் புள்ளியியலும் கணிப்பொறி அறிவும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை மட்டும் போதா. அழுங்கினை ஒருவர் எறும்புத்தின்னி என்பார். மற்றொருவர் எறும்புண்ணி என்பார். திமிங்கிலத்தின் குடலில் விளையும் நறுமணப் பொருளை நாளிதழ்கள் வாந்தி என்றும் எச்சம் என்றும் உமிழ்நீர் என்றும் எழுதுகின்றன. அத்தர் வணிகரோ அம்பர் என்பர். ஒரு பொருட் பல்பெயர்களை அறியாத கணிப்பொறி ஒரே சரக்கை நான்காக எண்ணும். அல்லது நான்கையும் தவறவிடும். நிகண்டு பயின்ற மாணவர் இங்கே பயனற்றவர் அல்லர்.

முடிவுரை

காவலர் ஒரு கடத்தலைத் தடுக்கின்றார். அடுத்த கடத்தல் எவ்வழியில் வரக்கூடும், எவ்வுயிர் விரைந்து குறைகின்றது என்பதைத் தரவாய்வாளர் உணர்த்துகின்றார். அவர் எழுதும் எண் சட்டமாகலாம். அச்சட்டத்தால் ஒரு காடும் பிழைக்கலாம். ஒரு குடிசையில் அடுப்பும் அணையலாம். ஆதலின் அவ்வெண் மிகையின்றியும் குறையின்றியும் அமைதல் வேண்டும். வினவிய மாணவருக்கு நாம் கூறிய விடை இதுவே. அவரும் அவரைப் போன்றோரும் இத்துறையை நாடினால், அப்பெரியவரின் பேரேட்டைப் போன்றவற்றை முதலில் தேடிச் சென்று படிப்பார்கள் என நம்புகின்றோம்.