மடுக் கூடாரத்தில் உங்கள் பிள்ளையும்

ஆவணி 15 மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் பல, மரநிழலில் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குகின்றன. விசேட தேவையுடைய பிள்ளையின் தாய்மார் சிலரோ, "அங்கே ஏதும் நடந்துவிட்டால்?" என்று பயந்து பிள்ளையோடு வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். சகோதரிகளே, முன்கூட்டியே ஆயத்தமானால் பயணம் உங்களாலும் முடியும்.

சக்கர நாற்காலியின் முன்சில்லு மணலில் புதைந்தால் தள்ளாதீர்கள். திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். வலிப்பு மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்காமல், வாயில் எதையும் வைக்காமல், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் 1990 இலவச அம்புலன்சை அழையுங்கள். பேசாத பிள்ளையின் சட்டையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தைத்துவிடுங்கள்.

கூடாரம் எமக்குப் புதிதல்ல. 2009 இல் முகாம்களில் அஞ்சியபடி கூடாரத்தில் கிடந்தோம். இம்முறை பிள்ளையோடு மகிழ்ந்து தங்குவோம்.