யாரோ இழுத்த வயருக்கு யார் கையெழுத்து?

பெயின்டர் கடைசிக் கோட்டிங் அடித்துக்கொண்டிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. மின் இணைப்புக்கு எழுதிப்போடும் நேரத்தில்தான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிகிறது: உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். ஆறு மாதமாகச் சுவரை வெட்டி, பைப் பதித்து, வயர் இழுத்தவரிடம் உரிமம் கிடையாது. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், நம்மாளு ஒருத்தர் சீல் போட்டுத் தருவாரு" என்கிறார் அவர். மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. சீல் போட்டவர் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை.

எங்கள் வீட்டு ரிப்போர்ட்டும் இப்படி வந்ததுதான். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் என்ற கட்டத்தில் அழகாக ஓர் எண் எழுதியிருந்தது. அதை அளக்கும் மெகர் கருவி எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மற்ற வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகளும், அவற்றின் இடத்துக்கு வந்த 2023 விதிகளும் அதே வழியில்தான் போகின்றன. அதாவது, கையெழுத்துப் போடுபவர் வேலை நடக்கும்போது கூடவே இருந்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. வேறொருவர் செய்து முடித்த வயரிங்குக்குச் சான்று தருவது என்ற ஒன்றுக்கு அங்கே இடமே இல்லை. இடமில்லாததால் அது நடக்காமல் இருக்கிறதா என்றால், ஊர் ஊராக நடக்கிறது. திருட்டுத்தனமாக நடப்பதால் சோதனை மட்டும் நடப்பதில்லை.

உரிமம் இல்லாதவர்களை மட்டமாகச் சொல்வதற்கில்லை. பதினைந்து வயதில் கம்பி பிடிக்கத் தொடங்கி, எந்த ஃபால்ட்டையும் அரை மணியில் கண்டுபிடிக்கும் ஆட்கள் எனக்குத் தெரியும். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஐடிஐகளில் அரசே ஒரு தேர்வு நடத்துகிறது. அனுபவசாலிகளுக்கென்றே உள்ள வாசல் அது. ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டு விண்ணப்பம், சான்றிதழ் என்று அலைய எத்தனை பேரால் முடியும்?

சரி, நேர்மையான ஒரு கான்ட்ராக்டர் அடுத்தவர் போட்ட வயரிங்கைச் சோதிக்க வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவரால் எதைச் சொல்ல முடியும்?

நிறையவே. மெகரை வைத்து 500 வோல்ட் டிசி கொடுத்தால், வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று தெரியும். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும் என்பது விதி. 230 வோல்ட்டில் அது வெறும் 0.23 மில்லிஆம்பியர் கசிவுதான். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் உண்மையிலேயே வருகிறதா, அல்லது மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரமா என்று தெரியும். சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று தெரியும். நியூட்ரலில் இருந்தால் லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும். கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியரில் உடனே விழுகிறதா என்று மில்லிசெகண்ட் கணக்கில் அளக்கலாம்.

அளக்க முடியாதவைதான் சிக்கல். ஸ்லாப் கான்கிரீட்டுக்குள் போன பைப்பில், பாதி வழியில் வயர் பற்றாமல் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். மெகருக்கு அது தெரியாது. இன்சுலேஷன் நன்றாகத்தானே இருக்கிறது. கீசர் ஓடி, 9 ஆம்பியர் அந்த முறுக்கு வழியே போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகி, மூன்றாம் வருடத்தில் கருகும். டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) பக்கமும் பிளக் பக்கமும் நாலு ஸ்கொயர் வயர் தெரியும். நடுவில் மிச்சமிருந்த ஒன்றரை ஸ்கொயர் துண்டு ஒட்டுப்போடப்பட்டிருக்கும். இதெல்லாம் இழுத்தவனுக்கும் சுவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார்கள். அங்கே வீட்டு வயரிங் 2005இல்தான் கட்டட விதிகளுக்குள் வந்தது. 'பார்ட் பி' என்பார்கள். புது வயரிங்குக்கான சான்றிதழில் வடிவமைத்தவர், வேலை செய்தவர், சோதித்தவர் என்று மூன்று கையெழுத்துக்கு இடம் உண்டு. மூவரும் ஒருவராகவும் இருக்கலாம். 2013இல் விதிகளைத் திருத்தியபோது, பதிவு பெறாத ஒருவர் செய்யும் வேலையைப் பதிவு பெற்ற வெளியாள் ஒருவர் சோதித்துச் சான்று தரவும் வழி செய்தார்கள். ஒரு நிபந்தனை: வேலை தொடங்கும் முன்பே அவரை அமர்த்திவிட வேண்டும், பூசி முடித்தபின் கூப்பிடக் கூடாது. வேலை முடிந்த 5 நாளுக்குள் அவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் தருவதும் 'நான் செய்த வேலை' என்ற சான்று அல்ல, 'சோதித்தபோது இந்த நிலையில் இருந்தது' என்ற அறிக்கை. இந்தச் சின்ன வித்தியாசத்தை நம் படிவங்கள் கண்டுகொள்வதே இல்லை.

அதற்காக அங்கே எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். 2007 டிசம்பரில் வெஸ்ட் பிராமிச்சில் 22 வயதுத் தாய் ஒருவர் தன் ஃபிளாட்டில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். கட்டும்போது பலகைச் சுவரில் முடுக்கிய ஸ்க்ரூ ஒன்று உள்ளே போன கேபிளைத் துளைத்திருந்தது. ஒழுங்காக ஒருமுறை அளந்திருந்தால் பிடிபட்டிருக்கும். சோதித்தது தகுதியில்லாத உதவியாளர். எழுதிய எண்கள் கற்பனை. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். எங்கள் வீட்டு ரிப்போர்ட்டில் இருந்த எண்ணும் அதே ஜாதிதான்.

இங்கே வீடு கட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீல் போடப்போகிறவர் யார் என்பதை ஸ்லாபுக்குப் பைப் போடும்போதே முடிவு செய்து, கான்கிரீட்டுக்கு முன் ஒருமுறை, பூச்சுக்கு முன் ஒருமுறை அவரை வரவழைக்கலாம். ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் ஆணி அடிக்கவும் உதவும்.

எனக்குத் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர் வெறும் சீல் போடமாட்டார். மெகரோடு வருவார். தானே தேர்ந்தெடுத்த நாலைந்து பெட்டிகளைத் திறக்கச் சொல்வார். பாத்ரூம் கீசரும் மொட்டைமாடி மோட்டாரும் கட்டாயம். வயரை வெளியே இழுத்து, மேலே அச்சிட்டிருக்கும் அளவைப் படிப்பார். ரிப்போர்ட்டின் பின்பக்கம், 'ஸ்லாபுக்குள் இருக்கும் பைப்புகளைப் பார்க்கவில்லை' என்று தன் கையால் எழுதுவார். இரண்டு மணி நேரமாவது ஆகும். மற்றவர்களைவிட அதிகம் கேட்பார். சமீபத்தில் ஒரு வீட்டில் கீசர் லைன் சரியில்லை, டைல்ஸை உடைத்து வேறு வயர் இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே வேறொருவரிடம் சீல் வாங்கிக்கொண்டாராம்.